நாற்பது நாள் கட்டிவைத்த குதிரை

குதிரையின் உடல் எடையில் ஏறக்குறையப் பாதி தசைதான். அந்தத் தசைக்கு வரும் கோளாறுகளில் மிகப் பரவலானது ஒன்று உண்டு. ஓய்வில் நன்றாகத் தின்று நின்ற குதிரை வேலையில் இறங்கிய சிறிது நேரத்தில் அதன் இடுப்புத் தசைகளும் பின்தொடைத் தசைகளும் இறுகிப்போகும். தசை இழைகள் சிதைந்து, உள்ளிருக்கும் பொருள்கள் இரத்தத்தில் கலக்கும். கால்நடை மருத்துவ நூல்கள் இதை ராப்டோமயோலிசிஸ், அதாவது தசைச்சிதைவு என்கின்றன. பந்தய லாயங்களில் இதன் பெயர் டையிங் அப். ஐரோப்பாவில் பார வண்டி இழுத்த குதிரைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, ஆனால் தானியத்துக்கு விடுமுறை கிடையாது. மறுநாள் காலை வண்டியில் பூட்டியதும் அவை விழுந்ததால் அங்கே திங்கட்கிழமை நோய் என்றே பெயர் வைத்தார்கள்.

நோய் தாக்கும் விதம் பார்த்தவருக்கு மறக்காது. லாயத்தை விட்டுக் கிளம்பும்போது குதிரை உற்சாகமாக, வழக்கத்துக்கு மேல் துள்ளலாகவே இருக்கும். கால் மணியோ அரை மணியோ ஓடியதும் பின்கால்களின் எட்டு குறுகும். வேலைக்குப் பொருந்தாத அளவு வியர்வை கழுத்திலும் விலாவிலும் வழியும். மூச்சு வாங்கும். பிறகு நின்றுவிடும், சாட்டைக்கும் அசையாது. இடுப்புக்குக் கீழே உள்ள பெரிய தசையில் கை வைத்தால் பலகைபோல் இருக்கும், அழுத்தினால் வலியில் விலகும். கடுமையான தாக்குதலில் படுத்துவிட்டு எழ முடியாமல் தவிக்கும். சில மணி நேரத்தில் கழிக்கும் சிறுநீர் பால் கலக்காத காப்பித் தண்ணீரின் நிறத்தில் இருந்தால் ஐயம் தீர்ந்தது. அந்த நிறம் மயோகுளோபின் என்ற தசைப் புரதத்தினுடையது. இரத்தத்தில் கலந்த அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களைக் கெடுக்கும். உடலில் நீர் வற்றிய குதிரை தசைநோவில் பிழைத்தும் சிறுநீரகம் பழுதாகி இறப்பது இதனால்தான்.

தசை இழை சுருங்குவதற்கு அதன் உள்ளறைகளிலிருந்து கால்சியம் வெளிவர வேண்டும். தளர்வதற்கு அதே கால்சியம் மறுபடி உள்ளே இழுக்கப்பட வேண்டும். சுருங்கும்போது மட்டுமல்ல, தளரும்போதும் ஆற்றல் செலவாகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆற்றல் போதாமல் போனாலோ, கால்சியத்தை இழுத்து அடைக்கும் ஏற்பாடு தடுமாறினாலோ, சுருங்கிய இழை சுருங்கியபடியே நிற்கும். நின்ற இழை கிழியும். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இதற்கு வேறு விளக்கம் சொல்லப்பட்டது: ஓய்வில் சேர்ந்த சர்க்கரைச் சேமிப்பு உழைப்பின்போது லாக்டிக் அமிலமாக மாறித் தசையை அரிக்கிறது என்றார்கள். நோய் தாக்கிய குதிரைகளின் இரத்தத்தையும் தசையையும் சோதித்தபோது அந்த அமிலம் மிகுந்திருக்கவில்லை. விளக்கம் விழுந்தது. ஆனால் ஓய்வும் தானியமும் சேர்ந்தால் ஆபத்து என்ற லாயக்காரர்களின் கணிப்பு விழவில்லை.

இந்தக் கணிப்புக்குத் தமிழ்க் கடற்கரையில் 700 ஆண்டுப் பழமையான சான்று உண்டு. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தருகே, இன்றைய தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கும் பழையகாயல், 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர்களின் பெருந்துறைமுகம். மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயில் இந்த ஊரே என்று கால்டுவெல் அடையாளம் காட்டினார். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் இங்கிருந்து முத்து போனது, குதிரை வந்தது. ஹோர்முஸ், கீஷ், ஏடன் பக்கமிருந்து வந்த கப்பல்கள் இங்கே குதிரைகளை இறக்கின. தேங்காய் நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய ஹோர்முஸ் கப்பல்களில் சரக்கை அடுக்கி, அதன்மேல் தோல்களைப் பரப்பி, தோலின்மேல் குதிரைகளை நிறுத்திக் கொண்டுவந்தார்கள்.

பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் தரும் கணக்குப்படி, கீஷ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். அதற்கு முந்தைய காலத்தில் பாரசீக வளைகுடாத் துறைகள் அனைத்திலிருந்தும் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்ததாகவும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும் அவர் எழுதுகிறார். வழியில் செத்த குதிரைக்கும் பாண்டியர் கருவூலம் விலை கொடுத்தது. ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டியனின் அமைச்சராகவே இருந்தார் என்பதை இங்கே சேர்த்துப் பார்த்தால் ஒப்பந்தத்தின் தாராளம் வியப்பளிக்காது. 1290களின் தொடக்கத்தில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு 2000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், அவனுடைய நான்கு சகோதரர்களும் அதே அளவு வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் சொல்கிறார். எண்களில் மிகை இருக்கலாம். குதிரைகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன என்பதில் ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு எழுத்தாளர்களும் ஒத்துப்போகிறார்கள்.

எப்படி வளர்த்தார்கள் என்பதையும் இருவரும் எழுதி வைத்திருக்கிறார்கள். சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுத்தார்கள் என்கிறார் மார்க்கோ போலோ. வசாபின் விவரம் இன்னும் கூர்மையானது: வறுத்த வாற்கோதுமை, நெய் சேர்த்துச் சமைத்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால், கொழுப்பதற்காக நாற்பது நாள் லாயத்தில் கயிற்றால் கட்டிவைப்பது, பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல் வீரர்கள் ஏறி வெறித்தனமாக ஓட்டுவது. வந்தபோது வலுவும் வேகமுமாக இருந்த குதிரைகள் கொஞ்ச காலத்தில் தளர்ந்து, மந்தமாகி, எதற்கும் உதவாமல் போயின என்று அவர் முடிக்கிறார். இன்றைய கால்நடை மருத்துவ மாணவருக்குத் தசைச்சிதைவை எப்படி வரவழைப்பது என்று கேள்வி கேட்டால், எழுத வேண்டிய விடை ஏறக்குறைய இதுதான்.

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். குதிரையின் கணையத்தில் மாவுப்பொருளை உடைக்கும் நொதி குறைவு. பச்சைத் தானியம் மிகுந்தால் செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, குளம்பு அழற்சியையும் வயிற்றுநோவையும் கொண்டுவரும். வறுத்தாலோ வேகவைத்தாலோ மாவு நெகிழ்ந்து சிறுகுடலிலேயே செரிக்கும். பெருங்குடல் தப்பிக்கும், ஆனால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும், இன்சுலின் ஏறும், அந்தச் சர்க்கரையில் பெரும்பங்கு தசைக்குள் கிளைகோஜனாகப் போய் அடையும். சோறு இந்த வகையில் முதலிடம் பெறும். இறைச்சி அயல்நாட்டாருக்கு விசித்திரமாகப் பட்டதே தவிர, தசையைப் பொறுத்தவரை அதைவிடச் சோறுதான் கெடுதல் செய்திருக்கும். பசும்பால் வளர்ந்த குதிரைக்கு ஒத்துவராது. பாற்சர்க்கரையைச் செரிக்கும் நொதி மூன்று நான்கு வயதுக்குள் அதற்கு மறைந்துவிடுகிறது, வயிற்றுப்போக்கு வரும். நெய் மட்டும் இந்தப் பட்டியலில் அவ்வளவு குற்றவாளி அல்ல. குதிரைக்குப் பித்தப்பை கிடையாது என்றாலும் பித்தநீர் இடைவிடாமல் குடலில் வடிவதால் கொழுப்பை நன்றாகவே செரிக்கும். பின்னர் வருவதுபோல, தசை நோயாளிக் குதிரைக்கு இன்று கொடுக்கப்படும் உணவில் கொழுப்புக்குத்தான் முதன்மை இடம். காயலில் கொழுப்பு மாவுக்குப் பதிலாகப் போகவில்லை, மாவோடு கூடப் போனது.

நாற்பது நாள் கட்டிவைத்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. வாரக்கணக்கில் கப்பலில் நின்றே வந்த குதிரை, பசும்புல்லைக் காணாததால் வைட்டமின் ஈ குறைந்து, நீர் வற்றி, தசை மெலிந்து இறங்குகிறது. அதற்கு வேண்டியது நாள்தோறும் நிதானமான நடையும் புல்லும். கிடைத்தது கயிறும் சோறும். மார்க்கோ போலோ பழியை லாடம் அடிப்பவர் இல்லாததன்மீதும் போடுகிறார்; தொடர்ந்து விற்றுக்கொண்டிருக்கலாம் என்று வணிகர்கள் அப்படிப்பட்ட ஆட்களை இந்தப் பக்கம் வரவிடவில்லை என்கிறார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் லாடம் இல்லாமல் குதிரை நொண்டும், கும்பலாகச் சாகாது.

காயல் குதிரைகள் அனைத்தும் தசைச்சிதைவால் மாண்டன என்று சொல்வதும் தவறு. ஈக்கள் பரப்பும் சர்ரா என்ற இரத்த ஒட்டுண்ணி நோய் இந்தியக் குதிரைகளை நெடுங்காலமாகக் கொன்றுவந்திருக்கிறது. அதன் கிருமியை கிரிஃபித் எவன்ஸ் 1880இல் கண்டுபிடித்ததே இந்தியாவில் குதிரைகளிலும் ஒட்டகங்களிலும்தான். வெப்பமும் ஈரமும் சேர்ந்த கரையோரத்தில் அயல்குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும் கோளாறும் உண்டு. நல்ல ஆணும் நல்ல பெண்ணும் சேர்ந்தும் இங்கே கால் கோணிய குட்டிதான் பிறந்தது என்று மார்க்கோ போலோ எழுதியதற்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவு நல்ல விளக்கம். அரிசியிலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. தளர்ந்து பயனற்றுப் போன குதிரைகள் என்று வசாப் சொல்லும் கூட்டத்துக்குத்தான் தசைநோய் பொருந்துகிறது.

எல்லாத் தசைச்சிதைவும் ஒன்றல்ல. நலமான குதிரைக்கும் வாழ்நாளில் ஒருமுறை வரலாம். பழக்கமில்லாத கடும் உழைப்பு, காய்ச்சலோடு ஓட்டியது, வியர்வையில் உப்பு போனது போன்றவை அதற்குக் காரணம். காயலில் நடந்தது பெரும்பாலும் இந்த வகையே. சில குதிரைகளுக்கு மட்டும் அது திரும்பத் திரும்ப வரும். அவற்றின் தசையிலேயே பிறவிக் குறை இருக்கிறது.

அப்படிப்பட்ட குறைகளில் முதலில் தெளிவானது பி.எஸ்.எஸ்.எம். எனப்படும் பாலிசாக்கரைடு சேமிப்பு நோய். அமெரிக்கக் குவார்ட்டர் இனக் குதிரைகளின் தசைத் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்த ஸ்டெஃபனி வால்பெர்க், நொதியால் கரையாத ஒரு சர்க்கரைப் பொருள் இழைகளுக்குள் திட்டுத்திட்டாகச் சேர்ந்திருப்பதை 1992இல் விவரித்தார். 2008இல் அதன் காரணம் மரபணு அளவில் பிடிபட்டது. கிளைகோஜனை உண்டாக்கும் நொதிக்குரிய ஜி.ஒய்.எஸ்.1 மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால், அந்த நொதி ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கிறது. தசை நிறையச் சேமிப்பு, ஆனால் வேண்டிய வேளையில் எடுத்துச் செலவழிக்க முடியாத சேமிப்பு. தானியம் தின்று இன்சுலின் ஏறினால் அந்த நொதி இன்னும் முடுக்கம் பெறும். இந்த மாற்றம் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பழமை உடையது. பெர்ஷரான், பெல்ஜியன் போன்ற ஐரோப்பியப் பார வண்டிக் குதிரைகளில் மிகப் பரவலாக இருக்கிறது. திங்கட்கிழமை நோய் அவற்றிடம் பேர்பெற்றதில் வியப்பில்லை.

அரபு இனத்திலும் பந்தயக் குதிரைகளான தரோபிரெட் இனத்திலும் இந்த மரபணு மாற்றம் இல்லை என்றே சொல்லலாம். அவற்றுக்கு வேறு தொல்லை. தரோபிரெட் குதிரைகளில், குறிப்பாகப் படபடப்பு மிகுந்த இளம் பெண்குதிரைகளில், தசைக்குள் கால்சியத்தைக் கையாளும் விதம் தடுமாறி, அடிக்கடி இறுக்கம் வருகிறது. கிண்டியிலும் ஊட்டியிலும் ஓடியவை இந்த இனம். நெடுந்தூரம் ஓடும் அரபுக் குதிரைகளில் தசை இழைகளின் கட்டுக்கோப்பே குலையும் இன்னொரு நோயை வால்பெர்க் குழுவினர் 2016இல் விவரித்தார்கள். இந்த மூன்றுக்கும் உணவுமுறை ஒன்றுபோலவே தொடங்கும், நுணுக்கங்களில் பிரியும்.

தாக்குதல் வந்த அந்த நேரத்தில் செய்ய வேண்டியது சிறிது, செய்யக் கூடாதது பெரிது. இறுகிய தசையை நடத்தினால் இளகும் என்று நினைத்துக் குதிரையை இழுத்துக்கொண்டு போவது எங்கும் உள்ள பழக்கம். ஒவ்வோர் அடியும் மேலும் இழைகளைக் கிழிக்கும். நின்ற இடத்திலேயே சேணத்தைக் கழற்றி, நிழல் செய்து, வேண்டிய மட்டும் தண்ணீர் காட்ட வேண்டும். லாயம் தொலைவு என்றால் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். மருத்துவர் வந்து இரத்தக்குழாயில் திரவம் ஏற்றுவதன் முதல் நோக்கம் சிறுநீரகத்தைக் கழுவிக் காப்பது. வலி மருந்துகளிலும் சில, நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியவை; மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடுவதற்கு இது இடமல்ல. தானியத்தை அன்றே நிறுத்தி உலர்புல் மட்டும் கொடுக்க வேண்டும்.

வயிற்றுநோவிலும் குதிரை வியர்த்து நிற்கும். ஆனால் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், தரையைக் கீறும், உருளும். குளம்பு அழற்சியில் முன்கால்களை நீட்டி எடையைப் பின்னுக்குத் தள்ளி நிற்கும், குளம்பு சுடும். ரணஜன்னியில் விறைப்பு உடல் முழுதும் பரவி, வால் தூக்கி, கண்ணின் உள்மூலையிலிருந்து மூன்றாம் இமை வெளியே வரும். இந்தியாவிலும் இலங்கையிலும் கும்ரி என்று அழைக்கப்பட்ட பின்கால் வாதம் நீண்ட காலம் இடுப்புத் தசை நோயாகவே கருதப்பட்டது. கால்நடைகளின் வயிற்றறையில் வாழும் ஒரு புழுவின் இளம் பருவம் கொசு வழியாக வந்து, குதிரையின் தண்டுவடத்தில் அலைவதே அதற்குக் காரணம் என்று 1955இல் வெளியான இலங்கை ஆய்வு நிறுவியது. அதில் குதிரை தள்ளாடும், தசை இறுகாது.

ஐயத்தைத் தீர்ப்பது இரத்தச் சோதனை. தசைக்குள் இருக்க வேண்டிய கிரியாட்டின் கைனேஸ் நொதி, சிதைவு நேர்ந்த நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் உச்சத்துக்கு ஏறி, சில நாளில் இறங்கிவிடும். நலமான குதிரையில் சில நூறு அலகாக இருப்பது கடுமையான தாக்குதலில் இலட்சத்தையும் தொடும். ஏ.எஸ்.டி. என்ற இன்னொரு நொதி மெதுவாக ஏறி வாரக்கணக்கில் தங்கும். இரண்டையும் ஒருசேரப் பார்த்தால் சிதைவு நேற்று நடந்ததா, போன வாரம் நடந்து ஆறுகிறதா என்று சொல்லிவிடலாம்.

நோய் தணிந்த குதிரையின் உணவு புல்லில் தொடங்குகிறது. உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்தீவனம் நாள்தோறும் வேண்டும். 300 கிலோ எடையுள்ள வண்டிக் குதிரைக்கு அது நாலரை முதல் ஆறு கிலோ. சர்க்கரையும் மாவும் சேர்ந்து அந்தத் தீவனத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது இன்றைய விதி. குளிர்நாட்டுப் புல்லில் இது பெரும் தலைவலி. வெப்பநாட்டுப் புற்கள் இயல்பாகவே சர்க்கரை குறைந்தவை என்பதால் தூத்துக்குடிக்காரருக்கு அந்தக் கவலை குறைவு. அமெரிக்காவில் தசை நோயாளிக் குதிரைகளுக்குத் தேடி வாங்கிப் போடும் பெர்முடா புல்லும் நம்மூர் வரப்பில் படரும் அருகம்புல்லும் ஒரே இனம். அறுத்து நிழலில் உலர்த்தி வைத்தால் அதைவிடப் பொருத்தமான தீவனம் இந்தக் கரையில் கிடையாது. சர்க்கரை மிகுந்ததோ என்று ஐயமுள்ள உலர்புல்லை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுக்கலாம்.

தேரிக்காட்டுப் பக்கம் கிடைக்கும் கொழுக்கட்டைப்புல் மாட்டுக்கும் ஆட்டுக்கும் நல்லது. குதிரைக்கு அதையே முழுத் தீவனமாக்கினால் அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். நேப்பியர் புல்லும் அப்படியே. நாளடைவில் எலும்பு மென்மையாகி முகம் வீங்கும். கடலைக்கொடியோ குதிரைமசாலோ கலந்து போட்டால் அந்தக் குறை நேராகும். இவை இரண்டிலும் கால்சியம் தாராளம், மாவு குறைவு. சவுண்டல் தழையைக் குதிரைக்குக் காட்டவே கூடாது. அதிலுள்ள மைமோசின் பிடரி மயிரையும் வால் மயிரையும் உதிர்த்துவிடும். வைக்கோல் வயிற்றை நிரப்பும், அதற்குமேல் ஒன்றும் செய்யாது. வறட்சிக் காலத்தில் அவிழ்த்துவிட்ட குதிரைகள் பொறுக்கித் தின்னும் சீமைக்கருவேல நெற்று வேறு கதை. அது சர்க்கரை நிறைந்தது. தசைநோய் உள்ள குதிரை அந்தப் புதர்ப்பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது மருந்துக்குச் சமம்.

அடுத்தது தானியம். கொள்ளு தென்னாட்டுக் குதிரைகளின் பரம்பரைத் தீவனம். அதில் புரதம் நூற்றுக்கு இருபதுக்கு மேல், கொழுப்பு மிகக் குறைவு, மீதியில் பெரும்பங்கு மாவு. நாள் முழுதும் உழைக்கும் ஜட்கா குதிரைக்கு அது பொருந்தியது. தசை இறுகும் குதிரைக்குக் கொள்ளைப் பாதிக்கும் கீழே குறைக்க வேண்டும், சோற்றையும் கஞ்சியையும் அறவே நிறுத்த வேண்டும். ஓட்டத்துக்கு முன் வெல்லமோ கருப்பட்டியோ ஊட்டினால் தெம்பு வரும் என்ற நம்பிக்கை பரவலானது, ஆனால் பி.எஸ்.எஸ்.எம். குதிரைக்கு அந்த உருண்டை இன்சுலினை ஏற்றி, தசை கொழுப்பை எரிக்க முடியாமல் செய்து, தாக்குதலை விரைவுபடுத்தும்.

தானியத்தில் குறைத்த ஆற்றலை எண்ணெயில் கொடுக்க வேண்டும். எண்ணெய் இன்சுலினை எழுப்பாது. சேமிப்பைத் திறக்க முடியாத தசைக்கு நேரடியாக எரிக்கக் கூடிய எரிபொருள் கிடைக்கிறது. சோயா, சூரியகாந்தி, கடலை எண்ணெய் எதுவானாலும் சரி, 300 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 50 மில்லியில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் 300 மில்லிவரை ஏற்றலாம். ஒரேயடியாக ஊற்றினால் சாணம் இளகும், குதிரை தொட்டியை முகர்ந்துவிட்டுத் திரும்பும். ஏற்கெனவே கொழுத்த குதிரைக்கு இந்த எண்ணெய் தேவையில்லை. தானியத்தை நிறுத்தினாலே போதும்.

எண்ணெயைக் கலக்க ஓர் ஊடகம் வேண்டுமே. இங்கே தென்பாண்டிக் கரைக்கு ஒரு வசதி இருக்கிறது: தேங்காய்ப் புண்ணாக்கு. செக்கில் பிழிந்த புண்ணாக்கில் நல்ல புரதமும் மிஞ்சிய எண்ணெயும் நார்ச்சத்தும் உண்டு. மாவு ஏறக்குறைய இல்லை. ஆஸ்திரேலியாவில் தசை இறுகும் குதிரைகளுக்கென்றே தேங்காய்ப் புண்ணாக்குத் தீவனம் பையில் அடைத்து விற்கப்படுகிறது. நம்மூரில் அதைப் பெரும்பாலும் கறவை மாட்டுக்குத்தான் வாங்குகிறார்கள். கவனிக்க வேண்டியது பூஞ்சணம் ஒன்றுதான். கரையோர ஈரத்தில் புண்ணாக்கு விரைவில் பூக்கும். அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும். கடலைப் புண்ணாக்கில் அந்த ஆபத்து இன்னும் அதிகம். சில நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, கையில் உடைத்துப் பார்த்து, சிக்கு வாடை அடித்தால் எறிந்துவிடுவது நல்லது. அரிசித் தவிட்டிலும் கொழுப்பு உண்டு. ஆனால் ஆலையிலிருந்து வந்த சில நாளிலேயே சிக்கு ஏறும், கூடவே சுண்ணாம்புச் சத்துச் சேர்க்காமல் கொடுக்கவும் கூடாது. எண்ணெய் எடுத்த தவிட்டில் இந்த நோய்க்கு வேண்டிய கொழுப்பே இல்லை.

கோழித் தீவனத்தைக் குதிரைக்குப் போடுவது பற்றி ஒரே ஒரு சொல்: கூடாது. கோழிகளுக்குக் குடல் ஒட்டுண்ணி வராமல் இருக்கச் சேர்க்கும் மொனென்சின் போன்ற மருந்து, ஒரு கிலோ எடைக்கு இரண்டு மூன்று மில்லிகிராம் அளவிலேயே குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும். சாக்கு மாறினாலும் ஆபத்துதான்.

எண்ணெய் மிகுந்தால் வைட்டமின் ஈ-யின் தேவையும் மிகும். பசும்புல்லில் அது நிறைய இருக்கிறது, உலர்த்திச் சேமித்ததில் நாளுக்கு நாள் குறைகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்து சில வாரங்களில் பச்சை அற்றுப்போகும் தூத்துக்குடி மாவட்டத்தில் ஆண்டின் பெரும்பகுதி அந்தக் குறை நீடிக்கும். 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 1000 முதல் 2000 அலகு என்பது வழக்கமான அளவு. செலினியமும் தசைக்கு வேண்டியதுதான். ஆனால் தேவைக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி குறுகியது. இரத்தத்தில் பார்க்காமல் அதை ஊசியாகப் போடுவது முறையல்ல.

இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு அதிகம் விளைவது தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களில்தான். ஆனாலும் இங்குள்ள குதிரைகளின் தொட்டியில் உப்பு இல்லாமல் இருக்கலாம். குதிரையின் வியர்வை மனித வியர்வையைவிட உப்பு மிகுந்தது. வெக்கையில் கடுமையாக ஓடும் குதிரை மணிக்குப் பத்து லிட்டருக்கும் மேல் வியர்க்கும். சோடியமும் குளோரைடும் பொட்டாசியமும் அதோடு போகும். அவை குறைந்த தசை எளிதில் இறுகும். உப்பு குறைந்த உடலுக்குத் தாகமும் சரியாக எழாது என்பதால் தண்ணீர் காட்டினாலும் குடிக்காமல் நிற்கும். சும்மா நிற்கும் 300 கிலோ குதிரைக்கு நாளுக்கு 20 கிராம் சாப்பாட்டு உப்பு போதும். வேலை நாளில் அதை இரண்டு மூன்று மடங்காக்கித் தீவனத்தில் கலக்க வேண்டும். உப்பைக் கூட்டினால் நல்ல தண்ணீரும் தடையில்லாமல் பக்கத்தில் இருக்க வேண்டும். கரையோரக் கிணற்றின் உவர்நீரைக் குதிரை மனமில்லாமல் குடிக்கும். குறைவாகக் குடித்தால் சிறுநீரகத்துக்குத்தான் கேடு.

உணவை மட்டும் மாற்றிவிட்டுக் குதிரையைக் கட்டியே வைத்தால் பலன் கிடைக்காது. பி.எஸ்.எஸ்.எம். குதிரைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் எண்ணெய் உணவோடு தினசரி உழைப்பும் சேர்ந்தபோதுதான் குணம் காட்டின. விறைப்பு நீங்கிய குதிரையை இரண்டு நாளுக்கு மேல் கொட்டடியில் அடைக்கக் கூடாது. வேலி போட்ட திறந்த வெளியில் அதுவாகச் சுற்றிவரும்படி விடுவதே முதல் பயிற்சி. பிறகு கையில் பிடித்து நடை. அதன்பின் இரண்டு மூன்று நிமிட மெல்லோட்டம். நாளுக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூட்டிக்கொண்டு போனால் ஒரு மாதத்தில் அரை மணி நேர வேலைக்கு வந்துவிடும். எட்டு குறுகினால் அன்றைய வேலை அத்தோடு நிற்க வேண்டும். படபடப்பான தரோபிரெட் குதிரைக்கு வேளை தவறாத தீவனம், பழகிய துணைக்குதிரை, காத்திருக்க வைக்காமல் முதலில் வேலைக்கு எடுப்பது ஆகியவை எண்ணெயைப் போலவே உதவும். கால்சியம் கசிவைத் தடுக்கும் டான்ட்ரோலீன் மருந்து அவற்றுக்கு உண்டு. பந்தய விதிகள் அதன் காலத்தை வரையறுக்கின்றன.

தென்மாவட்டச் சாலைகளில் ஊர்க் கொடைக்கும் விழாவுக்கும் நடக்கும் வண்டிப் பந்தயங்களில் மட்டக்குதிரைகளும் ஓடுகின்றன. இரண்டு பந்தயத்துக்கு நடுவே வாரக்கணக்கில் கட்டியே கிடந்து, நல்ல தீனி தின்று, விழாவன்று காலை வண்டியில் பூட்டப்படும் குதிரைக்குக் காயல் லாயத்தில் நின்ற குதிரையைவிடப் பாதுகாப்பு அதிகம் என்று சொல்ல முடியாது. ஓடி முடித்ததும் கால் மணி நடத்திக் குளிரவிடாமல் அப்படியே கட்டுவதும் கெடுதலே.

ஒருமுறை தசை இறுகிய குதிரையின் இரத்தத்தை, அது நலமாகத் தெரியும் காலத்திலும் பார்த்துவைப்பது பயன் தரும். மெல்லோட்டம் முடிந்து நான்கு மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்தில் கிரியாட்டின் கைனேஸ் மூன்று நான்கு மடங்கு ஏறினால் உணவும் பயிற்சியும் இன்னும் சரியாகவில்லை என்று பொருள். இதற்குத் தூத்துக்குடி மாவட்டத்துக்கு அருகே திருநெல்வேலி இராமையன்பட்டியில் இருக்கும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியை நாடலாம். வண்டி ஓடாத நாள் வருகிறது என்று தெரிந்தால், அதற்கு முந்தின மாலையே கொள்ளைப் பாதியாகக் குறைத்து, ஓய்வு நாளிலும் காலையும் மாலையும் அரை மணி நடத்திக் கொண்டுவர வேண்டும். முழு அளவு தீனி, முழு வேலை தொடங்கிய மறுநாள்தான்.